மேட்டில் உட்காருபவள்

"வா... வா... இன்னும் வா... நில்லு! நில்லுன்னா நில்லு!"

ஓடெல் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு கேரேஜுக்கு வெளியே நின்றான். தோளில் அறுவை செய்த மற்றக் கை கழுத்திலிருந்து கட்டிய துணியில் கிடந்தது. வண்டி நின்றது. பின்பாதி வெயிலிலும் முன்பாதி இருட்டிலுமாக நின்றது. லைமன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"பின்னாடி எவ்வளவு இடம் இருக்கு?"

"ஒரு கல்யாணம் நடத்தலாம்."

"அப்புறம் எதுக்குடா கத்தின?"

"டாடி எடுக்கும்போது நான் இங்க நின்னு இப்படித்தான் கத்துவேன். வாய் தானா வந்துருச்சு. சரி, வா."

வண்டி மறுபடி பின்னால் நகர்ந்தது. கேரேஜின் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கிய டென்னிஸ் பந்து இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே சுவரோரம் நின்ற அர்டீலியா அதைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே விடும்போது பந்து முன்கண்ணாடியைத் தொட்டால் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது அப்பா வைத்த கணக்கு. பந்தின் பச்சை நிறம் போய் எலி நிறம் வந்திருந்தது.

வண்டி முழுக்க வெளியே போனதும் பின்சுவரில் அந்தப் பெட்டி தெரிந்தது. இடுப்பு உயரம், உள்ளே வெறும் இருட்டு. அந்தத் தெருவின் கேரேஜுகள் எல்லாம் சின்ன வண்டிகள் ஓடிய காலத்தில் கட்டியவை. அப்பா கிளியோத்தா மேப்ரி, தான் வேலை பார்த்த பியூக் ஆலையின் வண்டியையே, அறுபத்தேழாம் வருஷத்து பியூக் எலெக்ட்ராவை வாங்கி வந்தபோது கதவு மூடவில்லை. அவர் வண்டியைக் குறை சொல்லவில்லை. பின்சுவரை இடித்து, வண்டியின் மூக்கு நுழைகிற அளவுக்குக் கொல்லைப் பக்கம் ஒரு பெட்டி கட்டிச் சேர்த்தார். வீட்டில் அதற்கு நாய்க்கூடு என்று பெயர். தெருவில் பலர் அப்படிச் செய்திருந்தார்கள். பின்சந்தில் நடந்துபோனால் எந்த வீட்டுச் சுவர் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பதை வைத்தே எந்த வீட்டில் என்ன வண்டி என்று சொல்லிவிடலாம்.

நாய்க்கூடும் பழைய சுவரும் சேரும் இடத்தில் ஒரு விரிசல். குளிர்காலத்தில் அந்த வழியாகப் பனி உள்ளே வரும். முதல் பனிக்கு முன்னால் கந்தல் துணியைத் திணித்து அடைப்பது அர்டீலியாவின் வேலை. எப்போதிலிருந்து என்று யாரும் கேட்டதில்லை.

இப்போது மே மாதம். துணிகள் உப்பிப்போய் அங்கேயே இருந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டிய வாக்கியம் வாயில் இருந்தது. வண்டிய நான் வச்சுக்கல. வீட்டையும் வச்சுக்கல. பாத்திரம் கழுவும்போது பல தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். குழாய்த் தண்ணீர் சத்தத்தில் நன்றாகவே வந்தது.

பக்கத்து ஊரான சாகினாவில், ஐவா இருக்கிற கட்டடத்தில், தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகியிருந்தது. ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஆற்றைப் பார்த்த ஜன்னல். ஐவாவும் அவளும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒன்றாக விரிப்பு மடித்தவர்கள். விரிப்பின் முனைகளை ஆளுக்கு இரண்டாகப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நடந்து வந்து சேர்ந்து விலகியே முப்பது வருஷம் போயிற்று. நாளைக் காலைக்குள் ஆபீசுக்குப் பதில் சொல்லாவிட்டால் வீடு வேறு யாருக்கோ போய்விடும் என்று ஐவா சொல்லியிருந்தாள். படி கிடையாது, பனி வாரும் வேலை கிடையாது, கேரேஜ் கிடையாது.

முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் கூடப்பிறந்த மற்ற மூவரும் பேசி முடித்திருந்தார்கள். அப்பா போனது ஜனவரியில். வீடு அப்படியே இருக்கட்டும். வண்டியும் இருக்கட்டும். ஒவ்வொரு வருஷமும் மே மாதக் கடைசித் திங்களில் வருகிற நினைவு நாள் விடுமுறைக்கு எல்லாரும் இங்கே கூடுவோம், வண்டியை வெளியே எடுப்போம். அட்லாண்டாவிலிருந்து வந்திருந்த வெர்னீட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது வண்டி இல்ல, நம்ம குடும்பம்" என்றாள். பேட்டரியை யார் பார்ப்பது, எலி வராமல் யார் பார்ப்பது என்று லைமன் கேட்டதற்கு ஓடெல் சுட்ட விலா எலும்புக் கறியைக் கடித்தபடியே பதில் சொன்னான்.

"டீலி இருக்கால்ல."

அர்டீலியா அப்போது உருளைக்கிழங்கு சாலட் எடுத்துவர எழுந்து போயிருந்தாள். காதில் விழுந்தது. கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

*

கல்லறைக்கு வைக்க ஜெரேனியம் செடி ஒன்று வாங்கியிருந்தார்கள். சிவப்புப் பூ. மண் தொட்டியோடு கனமாக இருந்தது. வெர்னீட்டா அதைத் தூக்கிவந்து முன் இருக்கையில், ஓட்டுபவரின் பக்கத்தில் வைத்தாள். அது அம்மாவின் இடம்.

"சாஞ்சிரும்" என்றான் லைமன்.

"பெல்ட் போட்டு விடறேன்."

பெல்ட்டைத் தொட்டிக்குக் குறுக்காக இழுத்து மாட்டினாள். பிறகு பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அர்டீலியா குனிந்து முதலில் ஏறினாள். நடுவில் உட்காருபவர் முதலில் ஏற வேண்டும். ஏறி, நகர்ந்து, இரண்டு காலையும் வண்டித் தரையின் நடுவில், எஞ்சின் தண்டு ஓடுவதற்காக எழும்பியிருந்த மேட்டின் மேல் வைத்தாள். முழங்கால்கள் நெஞ்சுக்கு நேராக வந்தன. அவளுக்குப் பிறகு வெர்னீட்டா வலப்பக்கம் ஏறினாள். இடப்பக்கக் கதவு வழியாக ஓடெல் ஏறி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டான். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன, பெட்டகத்தை மூடுகிற சத்தத்தோடு.

"அந்தச் சத்தத்தக் கேட்டியா? இப்ப வர்ற வண்டி கதவெல்லாம் பிஸ்கட் டப்பா" என்றான் ஓடெல்.

லைமன் வண்டியை எடுத்தான். கடைக்குட்டி. அந்தக் காலத்தில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் மடக்கு கைப்பிடியின் மேல் உட்கார்ந்து வந்தவன். இப்போது தலை வழுக்கை. தலைக்கு மேல் கண்ணாடியைத் திருகிச் சரிசெய்தான்.

டுபோன்ட் தெருவில் பாதி வீடுகளுக்குக் கதவு இல்லை. சில இடத்தில் வீடே இல்லாமல் புல் மட்டும் இருந்தது. வண்டி அவற்றைத் தாண்டி மெல்லப் போயிற்று. அதை ஓட்டுவது கட்டிலை ஓட்டுவது மாதிரி என்று அப்பா சொல்வார். 

"ஷூ பெட்டி ஞாபகம் இருக்கா?" என்றாள் வெர்னீட்டா.

"கோழி வறுவல். அடியில மெழுகுத்தாள்" என்றான் ஓடெல். "ஓஹையோ எல்லை தாண்டற வரைக்கும் பெட்டியத் திறக்கக் கூடாதுன்னு அம்மா சட்டம் போட்டிருந்தா. வாசனையிலயே பாதி உயிர் போயிரும்."

"நீ திறந்து ஒரு கால் தின்னுட்டு டீலி மேல பழி போட்டியே."

"அவ மடியிலதான பெட்டி இருந்துச்சு. யாரா இருந்தாலும் நம்புவாங்க."

ஒவ்வொரு ஜூலையிலும் புது மாடலுக்காக ஆலையை மூடும்போது பாதி ஊர் தெற்கே கிளம்பும். அவர்களும் அர்க்கன்ஸாவுக்குப் போவார்கள், அப்பாவின் ஊருக்கு. மாலையில் கிளம்பினால் மறுநாள் பகலில் போய்ச் சேருவார்கள். அப்பா நடுவில் நிறுத்த மாட்டார். பெட்ரோல் போடுகிற இடங்கள் அவருக்கு முன்பே தெரியும், அங்கே மட்டும்தான். மற்றதற்கெல்லாம் பின்னால் மூடி போட்ட காப்பி டப்பா ஒன்று இருந்தது.

"அந்த டப்பா!" வெர்னீட்டா சிரித்தாள். "டாடிக்கு ஓட்டறதுன்னா அவ்வளவு ஆசை. நிறுத்தவே மனசு வராது. நான் கண்ணாடியில நெத்திய வச்சுக்குவேன். ஜில்லுனு இருக்கும். நட்சத்திரம் கூடவே ஓடி வரும். அந்த மாதிரி தூக்கம் அதுக்கப்புறம் எனக்கு வரவே இல்ல."

"எனக்குக் காத்து" என்றான் ஓடெல். "கைய வெளிய நீட்டி விமானம் ஓட்டுவேன்."

"எனக்கு ஹாரன்" என்றான் லைமன். "பாலத்துக்கு அடியில போறப்ப அழுத்த விடுவாரு."

"உனக்கு என்ன டீலி?"

அர்டீலியா முன்னால் பார்த்தாள். லைமனின் பிடரி தெரிந்தது. மேலே கண்ணாடியில் அவன் கண் தெரிந்தது. மேட்டில் உட்கார்ந்தால் அவ்வளவுதான் தெரியும். அந்தக் காலத்தில் அங்கே தெரிந்த அப்பாவின் பிடரியில் இஸ்திரி வைத்தமாதிரி இரண்டு மடிப்பு இருக்கும்.

"எனக்கு முட்டி வலிக்குது" என்றாள்.

"இவ எங்க முன்னாடி பாத்தா?" என்றான் ஓடெல். "சீட்டு மேல மண்டி போட்டுக்கிட்டுத் திரும்பி, பின்கண்ணாடி வழியா வர்றவன் போறவனுக்கெல்லாம் மூஞ்சி காட்டிக்கிட்டே வருவா. ராத்திரி பூரா."

"மூஞ்சி காட்டல."

"பின்ன என்ன பண்ணின?"

சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டி நின்றது. பக்கத்தில் ஒரு பிக்கப் வந்து நின்றது. அதை ஓட்டிய கிழவர் கண்ணாடியை இறக்கினார். தொப்பியில் ஆலைத் தொழிற்சங்கக் கிளையின் எண் இருந்தது.

"அடேங்கப்பா! எலெக்ட்ராவா? நம்ம டியூஸா? அறுபத்தேழு?"

"அறுபத்தேழேதான்" என்றான் லைமன்.

"இரு, இரு, பாத்துக்கறேன். எங்க மாமா ஒண்ணு வச்சிருந்தாரு. சர்ச்சுக்குப் போகும்போது ஒம்போது பேர் ஏறுவோம். எறங்கறப்ப பாஸ்டர் எண்ணுவாரு." அவர் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தார். "ஆமா, ஒண்ணு கேக்கறேன் தம்பி. செடிக்கு முன் சீட்டு குடுத்து பெல்ட்டும் போட்டிருக்க. அந்த அம்மாவ மட்டும் ஏன் மேட்டுல குந்த வச்சிருக்க?"

நால்வரும் செடியைப் பார்த்தார்கள். பிறகு ஓடெல் சிரிக்க ஆரம்பித்தான். வெர்னீட்டா சிரித்தாள். லைமன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினான்.

"ஐயோ, கடவுளே. ஒருத்தருக்காவது தோணிச்சா பாரு" என்றாள் வெர்னீட்டா.

அர்டீலியாவும் சிரித்தாள். பச்சை விழுந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். லைமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். யாரும் இடம் மாறவில்லை.

*

அவள் செய்தது காவல்.

முதல் பயணத்தில், இல்லினாய்ஸின் தெற்கு முனையில், அப்பா குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார். அவளுக்குப் பத்து வயது. அம்மா முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். டீலி, பின்னாடி எப்படி இருக்கு? அவள் மண்டிபோட்டுத் திரும்பிப் பார்த்தாள். வெறிச்சுன்னு இருக்கு டாடி. அப்படியே பாத்துக்கிட்டு வா. வெளிச்சம் வந்தா சொல்லு. அந்தப் பெரிய வண்டியில், வடக்கு நம்பர் பலகையோடு, கறுப்புக் குடும்பம் ஒன்று போகிறது என்றால் பின்னால் வருகிற வெளிச்சம் யாருடையது என்று தெரிந்தாக வேண்டும். அதை அவர் சொல்லவில்லை. கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்து அவளாகப் புரிந்துகொண்டாள்.

ஒரு தடவை ஒரு வெளிச்சம் வெகுதூரம் கூடவே வந்தது. அப்பா வேகத்தைக் குறைத்தால் குறைந்தது, கூட்டினால் கூடியது. அப்புறம் ஒரு பருத்திக்காட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. யாரோ வீட்டுக்குப் போகிறவன். அப்பா சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதன்பிறகு அவளுக்கு ஓடும் வண்டியில் தூக்கம் வந்ததில்லை. பஸ்ஸிலும்.

அவள் ரோலண்டைக் கல்யாணம் செய்துகொண்டதும், ஆலை ஆட்குறைப்பு செய்தபோது அவன் டெக்ஸாஸுக்குக் கிளம்பியதும், ஒரு மாதத்தில் வருகிறேன் என்று அவள் சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். அந்த மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பிறகு ரோலண்டே அழைப்பதை நிறுத்திக்கொண்டான். அம்மா போனதும் அப்பாவுக்குச் சர்க்கரை, கால், கடைசியில் ஞாபகம். மற்ற மூவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கூப்பிட்டார்கள். நல்ல பிள்ளைகள். அவளே அப்படித்தான் சொல்வாள்.

கடைசி வருஷம் அப்பாவுக்கு அவள் பேர்கூடச் சில நாள் வராது. ஆனால் படுக்கையில் கிடந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார். பின்னாடி எப்படி இருக்கு? அவள் துணி மடித்துக்கொண்டே பதில் சொல்வாள். வெறிச்சுன்னு இருக்கு டாடி. அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

*

அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில் அப்பாவின் கல் புதிதாக மின்னியது. லைமன் மண்ணைத் தோண்டினான். ஓடெல் ஒற்றைக் கையால் உத்தரவு போட்டான். வெர்னீட்டா அம்மா பாடுகிற பாட்டை முனகினாள், பாதியில் வரி மறந்து நிறுத்தினாள். அர்டீலியா முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கல்லின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எழுந்திரு டீலி. நீ யாரோ ஒருத்தர் மேல உட்கார்ந்திருக்க" என்றான் ஓடெல்.

"அவரு ஒண்ணும் சொல்லல."

செடியை நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். காலித் தொட்டியை லைமன் டிக்கியில் வைத்தான். வெர்னீட்டா பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏறு."

அர்டீலியா நின்றாள். கதவுக்குள்ளே மேடு தெரிந்தது. விரிப்பு தேய்ந்து அதன்மேல் இரண்டு வெளுத்த இடம், ஒரு சிறுமியின் செருப்பு அளவுக்கு.

"நான் முன்னாடி உட்கார்றேன்" என்றாள்.

"ஓ. ஆமா. உட்காரு, உட்காரு."

அவள் முன்கதவைத் திறந்தாள். ஏறி உட்கார்ந்து காலை நீட்டினாள். கால் எங்கேயும் முட்டவில்லை. இருக்கையில் கொஞ்சம் மண் சிந்தியிருந்தது. அதைத் தட்டவில்லை. லைமன் சாவியைத் திருப்பினான்.

"வண்டிய நான் வச்சுக்கல" என்றாள்.

எஞ்சின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாள். ஆனால் லைமன் எஞ்சினை அணைத்துவிட்டான்.

"என்ன சொன்ன?"

"வீட்டையும் வச்சுக்கல. சாகினாவுல ஐவா இருக்கற எடத்துல ஒரு வீடு வந்திருக்கு. நாளைக்குக் காலையில சரின்னு சொல்லப்போறேன்."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றான் ஓடெல்.

"நேத்து நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க."

"ஆனா டீலி, யாரு பாத்துக்குவா?" வெர்னீட்டா முன்னால் சாய்ந்தாள். "இது டாடியோட வண்டி. நம்ம ஞாபகம் அத்தனையும் இதுக்குள்ள இருக்கு."

"உங்க ஞாபகம் நல்ல ஞாபகம். எடுத்துக்கிட்டுப் போங்க."

"உனக்கு மட்டும் என்ன கெட்டதா நடந்துச்சு? ஒரே வண்டியிலதான எல்லாரும் போனோம்?"

அர்டீலியா கண்ணாடி வழியாகக் கல்லறைகளைப் பார்த்தாள். படையில் இருந்தவர்களின் கல்லுக்கு முன்னாலெல்லாம் நினைவு நாளுக்கு வைத்த சின்னக் கொடி இருந்தது.

"டாடி என்னப் பின்னாடி பாக்கச் சொல்லியிருந்தாரு. யாராவது வர்றாங்களான்னு. ராத்திரி முழுக்க. ஒவ்வொரு வருஷமும்."

 ஓடெல்தான் பேசினான். குரலில் கேலி இல்லை.

"டாடி ஏன் வண்டிய எங்கயும் நிறுத்தலன்னு எங்களுக்கும் தெரியும் டீலி. நாங்க ஒண்ணும் கைக்குழந்தை இல்ல."

"தெரியும். ஆனா நீங்க தூங்கினீங்க."

"நீ சொல்லியிருந்தா மாத்தி மாத்திப் பாத்திருப்போம்ல."

"இருக்கலாம்." அவள் தலையைப் பின்னால் சாய்த்தாள். "உங்க மேல கோவம் இல்ல. எனக்கு முடியல. அவ்வளவுதான்."

வெர்னீட்டா ஏதோ சொல்ல வந்தாள். லைமன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். பின் இருக்கையில் ஓடெலுக்கும் அவளுக்கும் நடுவில் அந்த இடம் காலியாக இருந்தது. அதில் அவள் கைப்பையை வைத்தாள், பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. பெரிய சாலைக்கு வந்ததும் லைமன் கேட்டான். "லான்ஸிங்ல என் கேரேஜ்ல இது நுழையுமா?"

"நுழையாது" என்றான் ஓடெல். "மூக்கு வெளிய நிக்கும்."

லைமன் பக்கத்தில் திரும்பி, "என்ன டீலி, நுழையுமா?" என்றான்.

பதில் வரவில்லை. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றி ஜன்னல் கண்ணாடியில் கிடந்தது. வண்டி குழியில் இறங்கி ஏறியபோது தலை ஒரு தடவை முட்டியது. அவள் விழிக்கவில்லை.

"தூங்கறா" என்றான் லைமன்.

"சுத்தி ஓட்டு" என்றான் ஓடெல். "நேரா வீட்டுக்குப் போகாத."

லைமன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகப் போனான்.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே தூறல். அர்டீலியா காப்பி போட்டுவிட்டு சாகினா ஆபீசுக்கு போன் செய்தாள். அங்கே போனை எடுத்த பெண் அவள் பெயரை இரண்டு தடவை எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு, சரி என்றாள். மத்தியானத்துக்கு முன் வெர்னீட்டாவும் ஓடெலும் விமான நிலையத்துக்குப் போனார்கள். போகும்போது வெர்னீட்டா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு மிச்சமிருந்த கேக்கைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

லைமன் எலெக்ட்ராவை ஓட்டிக்கொண்டு லான்ஸிங்குக்குக் கிளம்பினான். அன்று காலை லான்ஸிங்கிலிருந்து வந்திருந்த அவன் மனைவி அவர்களுடைய காரில் பின்னால் போனாள். சாயங்காலம் போன் செய்தான். கதவு மூடவில்லை, மழை உள்ளே அடிக்கிறது என்றான்.

"சுவத்த இடி" என்றாள் அர்டீலியா.

"வீட்டுக்காரி என்னை இடிப்பா."

அவள் சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். மிச்சமிருந்த உருளைக்கிழங்கு சாலட்டைச் சாப்பிட்டாள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். முட்டிக்கு மருந்து தடவிக்கொண்டு படுத்தாள். கேரேஜ் கதவை யாரும் சாத்தியிருக்கவில்லை. புதன்கிழமை காலையில் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகுதான் அதைப் பார்த்தாள்.